கூவியது எந்தக் குயில்?

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் வாசலில் நடந்த ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி, "பாருங்க சார், நீங்க பேச வர்றீங்கன்னு தெரிஞ்சு உங்க குயிலுங்க எல்லாம் கூட்டமா வந்திருச்சு" என்றார். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். ஐயா முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா, அவை குயில்கள் அல்ல.

மாலை ஆறரை மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் மரங்களிலும் கிள்ளான் கடைத்தெரு மின்கம்பிகளிலும் ஆயிரக்கணக்கில் வந்து அடைந்து, கீழே நிறுத்திய கார்களுக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டுப் போகிறதே, அது மைனா குடும்பத்துப் பறவை. மலாய்க்காரர்கள் பெர்லிங் என்பார்கள். உடல் மினுமினுக்கும் கறுப்பு, கண் இரத்தச் சிவப்பு. இந்த இரண்டு அடையாளத்தையும் புத்தகத்தில் படித்தவர் அதைக் குயில் என்று சொல்லத்தான் செய்வார், ஏனென்றால் ஆண் குயிலுக்கும் அதே கறுப்பு, அதே சிவப்புக் கண். ஆனால் பெர்லிங் ஒரு சாண் நீளம்தான், 20 செண்டிமீட்டர். குயில் அதைப்போல் இரண்டு பங்கு, வால் மட்டுமே ஒரு சாண் வரும். பெர்லிங்கின் அலகு கறுப்பு, குயிலின் அலகு வெளிறிய பச்சை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, குயில் கூட்டமாக வந்து உட்காராது. இலைக்குள் தனியாக இருக்கும். அரைமணி நேரம் கழுத்து வலிக்கத் தேடினாலும் கண்ணில் படாது.

பெர்லிங்கின் குஞ்சுகளுக்கு வெள்ளை நெஞ்சில் கறுப்புக் கோடுகள் இருக்கும். அதைப் பார்த்து, "இதோ பெண் குயில்" என்று சொல்பவர்களும் உண்டு. உண்மையான பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பு முழுக்க அரிசியை வாரி இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள், வாலில் குறுக்கே பட்டைகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வேற்றுமை இருப்பதால், நம் ஊரில் பல பேர் வாழ்நாள் முழுக்கப் பெண் குயிலைப் பார்த்தும், பார்த்தது குயில் என்று தெரியாமலே இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி, கவிஞர்கள் கோபிக்கக்கூடாது. பாடுவது பெண் குயில் அல்ல. விடியுமுன் ஐந்து மணிக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு கூவலையும் முந்தியதை விட ஒரு படி மேலே ஏற்றி, கடைசியில் தொண்டை கிழிந்துவிடுமோ என்று நாம் பயப்படும் வரைக்கும் கொண்டுபோகிற அந்தக் குரல் ஆணுடையது. பெண்ணுக்குத் தெரிந்தது "கிக்-கிக்-கிக்" என்ற ஒரு வெடுவெடுப்பான சத்தம்தான். பாரதியின் குயில் பாட்டில் பாடுவது பெண் குயில். அது மாயக் குயில், கதையே அதுதான், ஆகவே பாரதியை விட்டுவிடலாம். அவருக்குப் பின்னால் வந்து, பாடகிக்கெல்லாம் குயில் என்று பட்டம் கொடுத்த மேடை அறிவிப்பாளர்களை விட முடியாது. (சிரிப்பு)

சரி, இந்தக் குயில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எப்படிக் குடிவந்தது? இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒரு காலத்தில் மலாயாவின் மேற்குக் கரையில் குயில் ஒரு விருந்தாளி. வடக்கே குளிர் தொடங்கும்போது வந்து, கடலோரக் கண்டல் காடுகளிலும் தோட்டங்களிலும் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். இங்கே குடித்தனம் நடத்த அதற்கு வசதியில்லை. குயில் கூடு கட்டாது என்பது நமக்குத் தெரியும். முட்டையிட அதற்குக் காக்கைக் கூடு வேண்டும். நம் ஊர்ப் பக்கம் வீட்டைச் சுற்றி வரும் அந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை, நாம் அமாவாசைக்குச் சோறு வைக்கிற காக்கை, இந்த மண்ணில் அப்போது கிடையாது. கண்டல் காட்டில் பெரிய அலகுள்ள கன்னங்கரிய காக்கைதான் இருந்தது.

1890களில் சிலாங்கூரில் காப்பி கொடிகட்டிப் பறந்தது. ரப்பர் பிறகுதான். கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழு தொல்லை தாங்க முடியவில்லை. துரைமார்களில் பலர் இலங்கையில் தோட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கே காக்கை எதையும் விட்டுவைக்காமல் தின்பதைக் கண்டவர்கள். ஆகவே இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து கிள்ளானில் திறந்துவிட்டார்கள். 1900களின் தொடக்கத்திலும் இன்னொரு தடவை கொண்டுவந்தார்கள். காக்கை புழுவைத் தின்றதோ இல்லையோ, பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்து விலை விழுந்தது. காப்பி போய், ரப்பர் வந்தது. வந்த காக்கை மட்டும் போகவில்லை.

அதே ஆண்டுகளில், அதே கடல் வழியில், காப்பித் தோட்டத்துக்கும் ரப்பருக்கும் தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். ரயில்வே கிளார்க்கு வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இதே பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியிருந்தார்கள். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலும் அவர்கள் எழுப்பியதுதான். கோயிலில் படையல் வைத்தால் எடுக்க இலங்கைக் காக்கையும் தயாராக இருந்தது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

காக்கை துறைமுகத்தை விட்டு மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. குப்பை பெருகப் பெருக அதுவும் பெருகியது. கிள்ளானில் நகராண்மைக் கழகம் துப்பாக்கிக்காரர்களை அமர்த்திச் சுட்டுக் குறைக்கிற அளவுக்குப் பெருகியது. காக்கை பெருகிய இடத்துக்கெல்லாம் அதன் பின்னாலேயே குயில் வந்தது. விருந்தாளியாக வந்த பறவை, பிள்ளை வளர்க்க ஆள் கிடைத்ததும் நிரந்தரவாசியாகிவிட்டது. சிங்கப்பூரிலும் 1980களில்தான் குயில் வந்து நிலைத்தது. இந்தப் பறவைக்குப் புது மண்ணில் காலூன்றுவது பழக்கமான வேலை. 1883இல் கிராக்காத்தாவ் எரிமலை வெடித்து எல்லாம் சாம்பலான பிறகு அந்தத் தீவில் முதலில் வந்து குடியேறிய பறவைகளிலும் குயில் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் என் சின்ன வயதில் குயில் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. செம்மண் சாலையும் பால்மரமும் ஆந்தையும்தான் நினைவில் இருக்கின்றன. இன்றைக்கு அதே இடம் வீடமைப்புத் தாமானாகிவிட்டது, காலை ஐந்தரைக்கு நான்கு திசையிலும் குயில். என் நினைவைச் சாட்சியாக வைக்கமாட்டேன், ஆனால் இங்கே அறுபது தாண்டியவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

காக்கையை ஏமாற்றுவது லேசான வேலை இல்லை. ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கத்திக் காக்கைகளை வம்புக்கு இழுக்கும். காக்கை துரத்திக்கொண்டு போன சமயம் பார்த்துப் பெண் வந்து முட்டையை வைத்துவிட்டுப் போகும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும், காக்கை முட்டைக்கு அதைவிடச் சில நாள் கூட ஆகும். ஆகவே வந்தவன் மூத்தவனாகிவிடுகிறான். வடமொழியில் குயிலுக்கு 'பிறரால் வளர்க்கப்பட்டது' என்றே பெயர் உண்டு. பழைய ஆட்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான்.

அவர்கள் கவனிக்காத ஒன்றை மேற்கே ஒரு வைத்தியர் கவனித்தார். அம்மைப்பால் கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னர், அதற்கு முன்பே 1788இல், ஐரோப்பியக் குயிலின் குஞ்சு கண் திறக்காத நிலையிலேயே கூட்டிலுள்ள மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றி வெளியே தள்ளுவதை எழுதினார். பலர் நம்பவில்லை. நம் காக்கைக் கூட்டுக் குயில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வாய் பிளந்து வளர்கிறது. சின்னப் பறவைகளின் கூட்டில் வளரும் குட்டிக் குயில் இனங்கள்தாம் ஜென்னர் பார்த்த வேலையைச் செய்பவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

குட்டிக் குயில் இனங்கள் என்று சொன்னதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். குயில் என்பது ஒரு பறவையின் பெயர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பெரிய குடும்பம், உலகத்தில் சுமார் 150 இனம். கால் விரல் இரண்டு முன்னேயும் இரண்டு பின்னேயும் இருப்பது குடும்ப அடையாளம். கோலாலம்பூரை விட்டு அதிகம் நகராமலே அதில் பத்துக்கு மேல் நாம் கேட்கலாம். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. பறவை பார்ப்பவர்கள் பலர் செய்யும் பிழை, படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குயிலைக் கண்ணால் பிரிக்கப் பார்ப்பது. எல்லாம் சாம்பல், எல்லாம் பட்டை, பெண் ஒரு நிறம், குஞ்சு ஒரு நிறம். குழப்பம்தான் மிஞ்சும். என் வழி வேறு. முதலில் குரலைக் கேளுங்கள். பிறகு, அதை வளர்ப்பது யார் என்று பாருங்கள். இறகைப் பார்ப்பது மூன்றாவது.

குரலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பகல் பதினொரு மணி, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எங்கிருந்தோ ஒரு மெல்லிய சீட்டி: மூன்று நான்கு சுரம் நிதானமாக, பிறகு அவசர அவசரமாக, தடுக்கி விழுவது போல இறங்கி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'மாத்தி அனாக்', அதாவது பிள்ளை செத்தது. பிள்ளையை இழந்த தாய் ஒப்பாரி வைக்கிறாளாம். தோட்டத்தில் என் பாட்டிக்கும் இந்தக் குரல் பிடிக்காது. லயத்துக்குப் பின்னால் அது கத்தினால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். "எந்த வீட்டுக்கோ, ஆண்டவனே" என்பார். அவர் அந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை. நானும் நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். மைனாவை விடச் சின்னது. தலையும் நெஞ்சும் சாம்பல், வயிறு ஆரஞ்சும் பாலும் கலந்த நிறம். இதை வளர்ப்பது தையல்சிட்டு. கட்டை விரல் பருமன் உள்ள, இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற அந்தத் தையல்சிட்டு. பிள்ளை செத்தது என்ற பெயர் எவ்வளவு சரி என்று யோசியுங்கள். பிள்ளை சாகத்தான் சாகிறது, ஆனால் பாடுகிறவளின் பிள்ளை அல்ல, தையல்சிட்டின் பிள்ளை.

இதற்கு ஓர் உறவு உண்டு. காட்டோரத்திலும் கண்டல் காட்டிலும் இருக்கும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்துக்குக் கீழே வால் வரை முழுக்கச் செம்பழுப்பு. மாத்தி அனாக்குக்கு நெஞ்சு சாம்பல், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் கிடையாது. இது போதும்.

அடுத்து, நான்கு சுரக் குயில். ஆங்கிலேயத் துரைமார் இதன் குரலில் 'இன்னொரு பாட்டில்' கேட்டார்கள், அவரவர் கவலை அவரவர்க்கு. வங்காளிகள் 'பெண்ணே, பேசு' என்று கேட்டார்கள். நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: "சாப்-டீங்-க-ளா?" கடைசிச் சுரம் கீழே இறங்க வேண்டும், புல்லாங்குழல் மாதிரி கனமாக. கேப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகக் காட்டுக்குள் காலையில் நின்றால் உயரமான மரத்திலிருந்து ஒரு மணி நேரம் விடாமல் சாப்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் சாப்பிட்டிருந்தாலும் சரி. இங்குள்ள காட்டில் இதை வளர்ப்பது கறுப்பும் மஞ்சளும் கலந்த, அகல அலகு கொண்ட ஒரு சிறிய பறவை.

இதே நான்கு சுரத்தை மெல்லிய குரலில், படபடவென்று, சண்டைக்கு வந்தவன் மாதிரி கேட்டால் அது வேறு இனம். முதுகுப் பக்கம் செம்பழுப்பில் கறுப்புப் பட்டைகள் உள்ள குயில், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். இங்கேதான் கண் நம்மைக் கவிழ்க்கும்: மாத்தி அனாக்கின் பெண்ணிலும் சில இதே பட்டை போட்டிருக்கும். புருவத்தைப் பாருங்கள். வெள்ளைப் புருவம் பளிச்சென்று இருந்தால் இது, இல்லாவிட்டால் அது. புருவம் தெரியாத தூரமாக இருந்தால் பேசாமல் காத்திருங்கள், வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

படிக்கட்டு ஏறுவது போல ஐந்தாறு சுரம், ஒவ்வொன்றும் முந்தியதை விட ஒரே அளவு உயரம், பிறகு நிறுத்தம், மறுபடி கீழ்ப்படியிலிருந்து. இது கரிச்சான் குயில். பார்த்தால் கரிச்சான் என்றே சத்தியம் செய்வீர்கள், அதே கறுப்பு, வாலில் லேசான பிளவு கூட உண்டு. அலகு மட்டும் மெல்லியது, சற்றே வளைந்தது. வாலுக்கு அடியில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். கரிச்சான் வேடம் எதற்கு என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அதில் எதுவும் முழுத் திருப்தி தரவில்லை.

சிட்டுக்குருவி அளவில் இரண்டு குயில் உண்டு. ஒன்று வெண்கலப் பச்சை, வெள்ளை வயிற்றில் பட்டைகள். கிள்ளான் கடலோரத்திலும் வீட்டுத் தோட்டங்களிலும் இருக்கும், மஞ்சள் வயிற்றுக் குட்டிப் பறவையொன்றின் தொங்கும் கூட்டில் முட்டையிடும். மற்றதன் ஆண் கத்தரிப்பூ நிறம், பறக்கும்போது கீ-விக் என்று கத்தும், தேன்சிட்டுகளை ஏய்க்கும். இரண்டையும் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும்.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய குயில் ஒன்றையும் சொல்ல வேண்டும். தலையில் கறுப்புக் கொண்டை, செம்பழுப்பு இறக்கை, பிடரியில் வெள்ளைப் பட்டை, தொண்டை மஞ்சளோடிய ஆரஞ்சு, நீண்ட வால். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும், அக்டோபருக்குப் பிறகு நகரப் பூங்காக்களில் கூட இறங்கும். 1766இல் லின்னேயஸ் இதற்கு வைத்த அறிவியல் பெயரின் பிற்பகுதி 'கோரொமாண்டஸ்'. கோரமண்டல் கரை, அதாவது நம் சோழமண்டலக் கரை. இதைப் பற்றி மற்ற எல்லா அடையாளமும் மறந்தாலும் இதை மறக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் புத்தகம் வாங்கி வந்து இங்கே பறவை பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே 'அக்கா, அக்கா' என்று குரலேற்றிக் கத்தும் அக்காக்குயில் இந்தியா, இலங்கை வட்டாரத்துப் பறவை. இங்கே அதன் உறவினர்கள்தாம் உண்டு, வல்லூறு மாதிரி வேடம் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இருப்பார்கள். மழையோடு வரும் கொண்டை வைத்த சுடலைக்குயில், சாதகப் பறவை என்று கவிஞர்கள் சொன்னது, இங்கே மிக அபூர்வம்.

கடைசியாக, குடும்பத்தின் நல்ல பிள்ளைகள். செம்போத்து, யாழ்ப்பாணத்தார் செண்பகம் என்பது, குயில் குடும்பம்தான். ஆனால் தானே கூடு கட்டி, தானே குஞ்சு வளர்க்கிறது. மலாய்ப் பெயர் 'பூட்-பூட்', குரலைக் கேட்டே வைத்த பெயர். இங்கே நாம் எளிதில் பார்க்கக்கூடியது இரண்டு செம்போத்து. பெரியது அரை மீட்டர், கண் சிவப்பு. சின்னது புல்வெளியில் இருக்கும், கண் கறுத்தது, இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது முதுகில் வைக்கோல் கீறல் போல வெளிறிய கோடுகள் தெரியும். ஒழுங்காகப் பிள்ளை வளர்க்கிற இந்தப் பறவைக்குக் கிடைத்த கூலியைக் கேளுங்கள்: குஞ்சின் காலை ஒடித்துவிட்டால் தாய் மூலிகை கொண்டுவந்து கட்டும் என்று நம்பி, காலை ஒடித்து, பிறகு குஞ்சையே எண்ணெயில் ஊறப்போட்டு 'மின்யாக் பூட்-பூட்' என்று மூட்டு வலிக்கு விற்றார்கள். நம்மவர்களும் வாங்கித் தேய்த்தார்கள், நான் வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

நீண்ட வாலோடு மரக்கொடிகளுக்குள் அணில் மாதிரி ஊர்ந்துபோகும் பூங்குயில்களும் சொந்தக் கூடு கட்டுபவைதாம். ஆங்கிலத்தில் இவற்றை 'மல்கோஹா' என்கிறார்கள். அது சிங்களச் சொல்: மல் என்றால் பூ, கோஹா என்றால் குயில். காக்கையைப் போல இந்தப் பெயரும் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

வளர்ப்பது யார் என்று பார்க்கச் சொன்னேனே, அது எப்படி என்று ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன வருடம் இதே வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில், செம்பருத்திச் செடியில் தையல்சிட்டுக் கூடு இருந்தது. அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, "சார், நாலு முட்டை இருந்துச்சு, இப்போ ஒரே ஒரு குஞ்சுதான் இருக்கு, பாம்பு தின்னிருச்சா?" என்றார். போய்ப் பார்த்தேன். தைத்த இலை கிழியும் அளவுக்குக் கூடு நிறைய ஒரே குஞ்சு. தையல்சிட்டு புழுவைக் கொடுக்க அதன் முதுகின் மேலேயே ஏறி நிற்க வேண்டியிருந்தது. கூட்டில் ஒற்றைக் குஞ்சு, வளர்ப்பது தையல்சிட்டு, குரலே இன்னும் வரவில்லை, இறகு நிறம் பிடிபடவில்லை. ஆனால் அது எந்தக் குயில் என்று உங்களாலேயே இப்போது சொல்ல முடியும். அந்த அம்மா, பாவம் தையல்சிட்டு, குயில் குஞ்சை எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குச் சரியான பதில் வரவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரித் தோட்டத்தில் நடக்கப் போகிறோம். 1888இல் போட்ட தோட்டம், பெரிய மரங்கள் இன்னும் இருக்கின்றன. தொலைநோக்கி இல்லாதவர்களும் வரலாம். ஏழு மணிக்கு, வெளிச்சம் வரும்போதே வாசலில் இருங்கள். எட்டரைக்கு மேல் வந்தால் மைனா மட்டும்தான் காட்டுவேன்.